பெயர் அழிக்கப்பட்ட உறுப்புகள்

பழைய வால்வு ரேடியோவின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்கள், பலகையின் உட்புறத்திலோ பெட்டியின் அடியிலோ ஒட்டப்பட்டிருந்த பழுப்புக் காகிதத்தை மறந்திருக்க மாட்டார்கள். எந்தக் குழியில் எந்த வால்வைச் செருக வேண்டும் என்ற விவரமும், சில பெட்டிகளில் முழு சர்க்யூட் படமுமே அதில் அச்சிடப்பட்டிருக்கும். தன் கையை விட்டுச் செல்லும் பெட்டி பல வருஷம் கழித்து, தான் கண்டிராத ஓர் ஊரில், தான் அறியாத ஒரு மனிதனுடைய மேஜையின்மேல் திறந்து கிடக்கப் போகிறது என்பதை உணர்ந்த ஒருவன், அந்த மனிதனுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த கடிதம் அது என்றே நான் கருதி வந்திருக்கிறேன். அமெரிக்காவில் 1930-களில் ஜான் ரைடர் என்பவர் பல கம்பெனிகளின் ரேடியோப் படங்களைத் திரட்டி, பழுதுபார்ப்போருக்கென்றே தடித்த தொகுதிகளாக வெளியிட்டு வந்தார். 1946-இல் ஹோவர்டு சாம்ஸ் தொடங்கிய ‘போட்டோபேக்ட்’ வரிசையோ, சாதனங்களைப் பிரித்துப் புகைப்படம் எடுத்து, உறுப்புக்கு உறுப்பு எண்ணும் அளவும் குறித்து அச்சிட்டது. ஒரு பொருளை விற்பவன் அதைப் பழுதுபார்க்கும் வழியையும் சேர்த்தே விற்கிறான் என்பது அக்காலத்தில் யாரும் வாதாடி நிலைநாட்ட வேண்டியிராத வழக்கமாக இருந்தது.

காகிதம் கிழிந்து போனாலும் உறுப்புகளே பேசும். ‘இ.எல். 34’ என்று ஒரு வால்வின் கண்ணாடியில் எழுதியிருந்தால், முதல் எழுத்து அதன் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்றும், இரண்டாம் எழுத்து அது ஒலிபெருக்கியை இயக்கும் சக்தி வாய்ந்த பென்டோடு வகை என்றும், எண்ணின் முதல் இலக்கம் எட்டுக் கால் பீடத்தில் அமர்வது என்றும் சொல்லிவிடும். ‘இ.சி.சி. 83’ என்றால், ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் இருக்கின்றன என்பதற்காகவே ‘சி’ இரு முறை வருகிறது. அதையே அமெரிக்கர்கள் ‘12 ஏ.எக்ஸ். 7’ என்று வேறொரு முறையில் பெயரிட்டார்கள். ஐரோப்பாவில் டிரான்சிஸ்டர் பிறந்த புதிதில் அதற்கும் வால்வின் இலக்கணத்தையே பொருத்தி, சூடேற்றும் இழையே கிடையாது என்பதைக் காட்ட ‘ஓ’ என்ற எழுத்தை முன்னே வைத்து ‘ஓ.சி. 71’ என்று அழைத்தார்கள். புதிய பொருளுக்குப் பெயரிட நேர்ந்தபோதுகூட, பழைய தொழிலாளிக்குப் புரிய வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு இருந்ததை இதில் காண்கிறேன்.

பின்னர் 1966-இல் ‘புரோ எலக்ட்ரான்’ என்ற ஐரோப்பிய அமைப்பு இந்த நாமகரணத்தை ஒழுங்குபடுத்தியது. ‘ஏ’ என்றால் ஜெர்மானியம், ‘பி’ என்றால் சிலிக்கன். அடுத்து வரும் ‘சி’ சிறிய ஒலி அலைகளுக்கானது, ‘டி’ சக்தி மிக்கது, ‘எப்’ ரேடியோ அலைகளுக்கு உரியது. ஆகவே ‘பி.சி. 107’ என்ற சொல்லே ஒரு குறுவாக்கியம். ஜப்பானியர் ‘2எஸ்.ஏ.’, ‘2எஸ்.பி.’ என்பவற்றைப் பி.என்.பி. வகைக்கும், ‘2எஸ்.சி.’, ‘2எஸ்.டி.’ என்பவற்றை என்.பி.என். வகைக்கும் ஒதுக்கினார்கள், சிறிய உறுப்பில் இடம் போதாமையால் முன்னே வரும் ‘2எஸ்’ஸை விட்டுவிட்டு ‘சி 1815’ என்று மட்டும் அச்சிடுவது அவர்கள் வழக்கம். அமெரிக்க முறையில் ‘2என்’ என்பதற்குப் பின் வருவது வெறும் பதிவு எண்தான் என்றாலும், ‘2என் 3055’ என்றவுடன் உலகின் எந்த மூலையிலுள்ள ஆம்ப்ளிபயர் மெக்கானிக்கும் அதன் உருவத்தையும் குணத்தையும் கண்முன் கொண்டுவந்துவிடுவார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் முதுகில் ‘1376633’ என்று பொறித்திருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 என்பது 1966, 33 என்பது அவ்வருஷத்தின் 33-ஆவது வாரம். மின்சார கிதார் ஒன்றின் வயதை நிர்ணயிக்க விரும்புபவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்த முதுகைத்தான்.

இவ்வளவு சிரமப்பட்டு உலகம் உண்டாக்கிய இந்தப் பொது மொழியை, உப்புத்தாளால் தேய்த்து அழிக்கும் வழக்கம் ஒன்று ஒலிச் சாதனத் தொழிலில் இருந்து வருகிறது. ஐ.சி.யின் கறுத்த முதுகில் இருக்கும் எண்ணைச் சுரண்டிவிடுவது ஒரு வகை. அதன்மேல் கறுப்புச் சாயம் பூசுவது இன்னொரு வகை. பலகை முழுவதையும் எபாக்சிப் பிசினில் புதைத்துவிடுவது மூன்றாவது வகை. இவற்றிற்கெல்லாம் சாதுவான தம்பி போல ஒன்று உண்டு: கம்பெனி தன் சொந்த எண்ணை உறுப்பின்மேல் அச்சிடச் செய்வது. ஹியூலெட்-பேக்கார்டு தன் அளவுக் கருவிகளில் ‘1854’ என்று தொடங்கும் எண்களை என்.பி.என். டிரான்சிஸ்டர்களுக்கு இட்டது இத்தகையதே. பல ஆலைகளிலிருந்து வாங்கிய உறுப்புகளைத் தன் முறையில் சோதித்துத் தேர்ந்து ஒரே எண்ணின்கீழ் வைப்பதில் நிர்வாக நியாயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்த எண்களுக்கு நேரான பொது எண்கள் எவை என்ற பட்டியல் மெக்கானிக்குகளிடையே கைமாறி வந்ததால், அதனால் விளைந்த தீங்கும் குறைவு. நான் குறை சொல்ல வருவது தேய்ப்பவர்களையும் புதைப்பவர்களையுமே.

‘நாங்கள் பொறுக்கி எடுத்த உறுப்பு இது, பொது எண்ணைச் சொன்னால் நீங்கள் எதையோ வாங்கிப் போட்டுச் சாதனத்தைக் கெடுத்துவிடுவீர்கள்’ என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. எண் மட்டுமே முழு உண்மை ஆகாது என்பதற்கு ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980 முதல் 1983 வரை செய்த ‘டி.ஆர். 808’ என்ற தாள யந்திரத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. அதன் சில ஓசைகளுக்கு வேண்டிய இரைச்சலை உண்டாக்க, ஆலைச் சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை கம்பெனியின் ஸ்தாபகர் இகுதாரோ காகேஹாஷி விரும்பி வாங்கினார். குறைக்கடத்தித் தொழில் திருந்தித் திருந்திப் பழுதான சரக்கு கிடைப்பதே நின்றுபோனபோது, சுமார் 12,000 யந்திரங்களோடு அதன் உற்பத்தியும் நின்றது. ஆனால், ரோலண்டின் பழுதுபார்ப்புக் கையேட்டில் அந்த டிரான்சிஸ்டரின் எண் மறைக்கப்படவில்லை. தேர்ந்தெடுத்த சரக்கு என்பதைக் காட்ட ‘2எஸ்.சி. 828’ என்பதன் பின்னே சில எழுத்துகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. பொறுக்கி எடுத்ததை ‘பொறுக்கி எடுத்தது’ என்று எழுதி வைக்கலாம். அதற்காக எழுத்தையே அழிக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் மார்கழி பஜனைக்காக வாங்கி வைத்திருந்த சிறிய மிக்ஸர் ஒன்று, ஒரு வருஷம் உற்சவத்துக்கு நான்கு நாள் இருக்கையில் ஒரு மைக்கின் வழியில் ஊமையாகிவிட்டது. தயாரித்த கம்பெனிக்குக் கேட்டனுப்பியதில், உள்ளிருக்கும் பலகையை முழுதுமாக மாற்ற வேண்டும் என்றும், அதன் விலை இன்னதென்றும் பதில் வந்தது. அந்த விலைக்குப் பாதி மிக்ஸர் வாங்கிவிடலாம். கடைவீதியில் நெடுங்காலமாக ஆம்ப்ளிபயர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றியவர், வரிசையாக இருந்த எட்டுக் கால் ஐ.சி.களின் முதுகு எல்லாம் சொரசொரப்பாகத் தேய்க்கப்பட்டிருப்பதைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். “பேரைச் செரச்சு அனுப்பியிருக்கான் சார். பரவாயில்லை, காலைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்” என்று சொல்லி மீட்டரை எடுத்தார்.

அவர் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்த அத்தியாயத்தின் விஞ்ஞானம் முழுவதும் அந்த அரை மணி நேரத்தில் அடங்கியிருந்தது. ஒலிச் சாதனங்களில் வரும் எட்டுக் கால் ஐ.சி. பெரும்பாலும் ‘ஆப்-ஆம்ப்’ எனப்படும் பெருக்கியே. அதன் கால்கள் எந்தெந்த வேலைக்கு உரியவை என்பதைத் தொழிலுலகம் ஏறக்குறைய ஒருமனதாகத் தீர்மானித்து வைத்திருக்கிறது. 7-ஆம் காலில் நேர் மின்னழுத்தமும் 4-ஆம் காலில் எதிர் மின்னழுத்தமும் வந்து, 6-ஆம் காலில் ஒலி வெளியேறினால், உள்ளே இருப்பது ஒற்றைப் பெருக்கி. நேர் மின்னழுத்தம் 8-ஆம் காலில் வந்து, 1, 7 ஆகிய இரு கால்களிலும் ஒலி வெளியேறினால் இரட்டைப் பெருக்கி. பெரியவர் மீட்டரின் முனையை 8-இல் வைத்தார், 15 வோல்ட். 4-இல் வைத்தார், எதிர் 15 வோல்ட். எனவே இரட்டை. ஆரோக்கியமாக இயங்கும் பெருக்கியில் 2, 3 ஆகிய இரு உள்ளீட்டுக் கால்களும், வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் மின்தடையின் வேலையால், ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிற்கும். பேசும் வழிகளில் அவ்வாறே இருந்தது. ஊமையான வழியிலோ வெளியீட்டுக் கால் 14 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நோயாளி யார் என்பது தெரிந்துவிட்டது. இனி அதன் குலம் என்ன என்பதுதான் கேள்வி.

குலத்தை அறியவும் வழி இருக்கிறது. உள்ளீட்டில் சாதாரண டிரான்சிஸ்டர் உடைய ஆப்-ஆம்ப், பெரிய மின்தடை ஒன்றின் வழியாகத் தனக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், ‘டி.எல். 072’ போன்று உள்ளீட்டில் பெட் வகை டிரான்சிஸ்டர் உடையது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. வேகத்திலும் வித்தியாசம் உண்டு: சதுர அலை ஒன்றை உள்ளே செலுத்தினால், ‘டி.எல். 072’-இன் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட் வீதம் ஏறும். ‘4558’ அதே நேரத்தில் ஒன்றோ ஒன்றரையோ வோல்ட்தான் ஏறும். ஆசிலாஸ்கோப்பின் திரையில் ஒன்று செங்குத்தான சுவராகவும் மற்றொன்று சாய்ந்த கூரையாகவும் தெரியும். பெரியவரிடம் ஆசிலாஸ்கோப் இல்லை. உள்ளீட்டு மின்தடையில் அழுத்தத்தை அளந்து, சாதாரண வகைதான் என்று முடிவு கட்டி, இழுப்பறையிலிருந்து ஒரு ‘4558’-ஐ எடுத்துப் பற்றவைத்தார். மைக் பேசியது. அவர் கேட்ட கூலி, கம்பெனி சொன்ன பலகை விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐ.சி.யின் விலையோ ஒரு காப்பியின் விலை.

எண்ணை அழித்ததால் அந்தக் கம்பெனி எதைப் பாதுகாத்தது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். உலகில் கோடிக்கணக்கில் விற்கும் ஓர் ஐ.சி.யின் பெயரில் ரகசியம் எதுவும் இல்லை. அரை மணி நேரமும் நாற்பது வருஷ அநுபவமும் உள்ள ஒரு முதியவரிடமிருந்தே மறைக்க முடியாத ஒன்றை, நகல் செய்து லட்சக்கணக்கில் விற்க எண்ணும் பெரிய ஆலையிடமிருந்தா மறைக்க முடியும்? அத்தகைய ஆலையிடம் புகையும் நைட்ரிக் அமிலம் இருக்கிறது, ஐ.சி.யின் கறுப்பு உறையை அதனால் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கன் சில்லை நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், வடிவமைத்த கம்பெனியின் எழுத்துகளும் எண்ணும் சில்லின் ஓரத்தில் பொறித்திருப்பதைப் பல வேளைகளில் வாசித்தே விடலாம். வெளியே அழிக்கப்பட்ட பெயர் உள்ளே அழியாமல் இருக்கிறது. அமிலமும் நுண்ணோக்கியும் உள்ளவனுக்கு இது ஒரு நாள் வேலை. மீட்டர் மட்டும் உள்ளவனுக்கும், அதுவும் இல்லாமல் சாதனத்தைச் சுமந்துகொண்டு அலைபவனுக்கும் இது அடைக்கப்பட்ட கதவு. பூட்டு போடப்பட்டது திருடனுக்கு. வெளியே நிற்பவன் வீட்டுக்காரன்.

இந்த வழக்கத்தின் சரித்திரத்தில் நான் மிகவும் போதனை நிறைந்ததாகக் கருதுவது, அமெரிக்காவில் 1970-களில் சிந்தசைசர் தொழிலின் இரு தலைவர்களாக விளங்கிய ராபர்ட் மூக், ஆலன் பேர்ல்மன் ஆகியோரின் கதை. மூக் 1966-இல், டிரான்சிஸ்டர்களை ஏணிப் படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒலியின் உயர்ந்த அதிர்வுகளை வேண்டிய அளவு வடித்தெடுக்கும் ஒரு வடிப்பானுக்குப் பேடண்ட் கோரினார். 1969 அக்டோபர் 28 அன்று 3,475,623 என்ற எண்ணில் அது வழங்கப்பட்டது. பேடண்ட் என்பது ஒரு பேரம்: உன் கண்டுபிடிப்பின் முழு விவரத்தையும் படத்தோடு உலகுக்குச் சொல், அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் வேறு யாரும் அதைச் செய்யாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் சொல்லும் பேரம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலம் வழங்கிய நாளிலிருந்து 17 வருஷம். 1986-க்குப் பின் அந்த ஏணி உலகச் சொத்தாயிற்று. இன்று ஒரு கல்லூரி மாணவன் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு மாலைப் பொழுதில் அதைக் கட்டிவிடலாம்.

பேர்ல்மனின் ஏ.ஆர்.பி. கம்பெனி, தன் ‘2600’ என்னும் புகழ் பெற்ற சிந்தசைசரின் ஆரம்பப் பிரதிகளில், ‘4012’ என்று எண்ணிட்ட ஒரு கறுப்புக் கட்டியை வைத்திருந்தது. எபாக்சியில் உறைந்திருந்த அந்தக் கட்டிக்குள் இருந்தது, மூக்கின் ஏணியை மிகவும் ஒத்த ஒரு வடிப்பான். மூக் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தபின், ஏ.ஆர்.பி. தன் சொந்த அமைப்பான ‘4072’-ஐ அதன் இடத்தில் கொண்டுவந்தது. பிசின் அங்கே எதை மறைத்தது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் பின்விளைவு. 1981-இல் ஏ.ஆர்.பி. மூடப்பட்டது, கட்டிகளைச் செய்தவர்கள் கலைந்தார்கள், ஆனால் கட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்று செத்தால், ஒரு ரூபாய் டிரான்சிஸ்டரை மாற்றுவதற்காகப் பிசினைச் சூடாக்கிச் செதில் செதிலாகப் பெயர்க்க வேண்டும், அல்லது அதே வேலையைச் செய்யும் வேறொரு பலகையைப் புதிதாகக் கட்டிப் பொருத்த வேண்டும். ரகசியம் வைத்தவன் போன பின்னும் அந்த ரகசியத்துக்கு வாங்கியவன் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறான். பேடண்டுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. பிசினுக்கு அது கிடையாது.

பிசினில் புதைப்பதெல்லாம் வஞ்சகம் என்று நான் சொன்னதாக யாரும் கொள்ளக்கூடாது. டிரான்சிஸ்டர் ஒன்றின் அடிவாய்க்கும் உமிழ்வாய்க்கும் இடையிலான மின்னழுத்தம், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லி வோல்ட் இறங்கும் சுபாவம் உடையது. சிந்தசைசரில் சுருதியை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டரிலோ 18 மில்லி வோல்ட் வித்தியாசமே ஒரு ஸ்தாயியை மாற்றிவிடும். அப்படியானால் ஒரே ஒரு டிகிரி வெப்பம், பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றுக்கும் மேலாகச் சுருதியை நகர்த்திவிடும் என்பது கணக்கு. இதைச் சமன்படுத்த, ஒத்த குணமுடைய இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றன் பிழையை மற்றொன்று கழிக்கும்படி இணைத்து, இரண்டும் எப்போதும் ஒரே வெப்பத்தில் இருக்கும்படி ஒட்டிப் புதைப்பது நியாயமான உபாயம். அதிர்ச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பதற்காகப் புதைப்பதும் உண்டு. இந்தக் காரணங்களுக்காகப் புதைப்பவன் உள்ளே இருப்பது என்ன என்பதைக் கையேட்டில் எழுதிவிடலாம். எழுதினால் சுருதி கெடாது.

காப்பதற்காக இட்ட கவசமே நோயாக மாறுவதும் உண்டு. ரோலண்ட் கம்பெனி 1984-இல் வெளியிட்ட ‘ஜூனோ 106’ என்ற சிந்தசைசரில், அதன் ஆறு குரல்களுக்கு ஆறாக, ‘80017ஏ’ என்று எண்ணிட்ட சிறு பலகைகள் கறுப்புப் பிசின் பூச்சோடு இருக்கின்றன. வருஷங்கள் செல்லச் செல்ல அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்து, இழுத்து, கடைசியில் அடங்கிப்போகும். பழுதுபார்ப்பவர்கள் நெடுங்கால அநுபவத்தில் கண்ட உண்மை யாதெனில், பூச்சு காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. பலகையைக் கழற்றிச் சில நாள் அசிட்டோனில் ஊறப்போட்டுப் பூச்சை உரித்தெடுத்தால், உள்ளிருக்கும் உறுப்புகள் பல சமயங்களில் பழையபடி பாடத் தொடங்கிவிடுகின்றன. மேலே போர்த்த போர்வைதான் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. இதில் கம்பெனி எதையும் மறைக்கக் கருதியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிசின் என்பது ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் பொருள் அன்று. அது வெப்பத்தில் செம்பையும் சிலிக்கனையும்விட அதிகமாக விரிந்து, பற்றவைத்த இணைப்புகளை நாளுக்கு நாள் இழுத்து வதைக்கக்கூடியது.

நகலுக்கு அஞ்சும் சிறு தொழிலாளியின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு மனிதர் வருஷக்கணக்கில் காதால் கேட்டுக் கேட்டுத் திருத்திய சர்க்யூட்டை, பணம் படைத்த வேறொருவர் சில மாதங்களில் நகலெடுத்து மலிவாக விற்பது கொடுமை என்பதில் ஐயமில்லை. பேடண்ட் வாங்குவதற்கு வக்கீலும் பெருஞ்செலவும் வேண்டும் என்பதும் உண்மை. பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த பில் பினகன் 1994-இல் ‘கிளான் சென்டார்’ என்ற கிதார்ப் பெடலை வெளியிட்டபோது, அதன் பலகையைப் பிசினில் மூடியது இந்த அச்சத்தினால்தான். தம் கையாலேயே சுமார் 8,000 பெடல்களை அவர் செய்து விற்றார். ஏறத்தாழ 2008 வாக்கில் சிலர் பிசினைப் பொறுமையாகப் பெயர்த்தெடுத்து, முழுப் படத்தையும் வரைந்துவிட்டார்கள்.

உள்ளே இருந்தவை என்ன? ‘டி.எல். 072’ ஐ.சி.கள் இரண்டு, ஜெர்மானிய டையோடுகள் இரண்டு, 9 வோல்ட் பாட்டரியிலிருந்து 18 வோல்ட்டும் எதிர் 9 வோல்ட்டும் உண்டாக்கித் தரும் ஓர் ஐ.சி.; மற்றவை எந்தக் கடையிலும் கிடைக்கும் மின்தடைகளும் கெப்பாசிட்டர்களும். மேதைமை இருந்தது அவை இணைந்த விதத்தில்: ஒரே தண்டில் திரும்பும் இரட்டைத் திருகி ஒன்று, சிதைந்த ஒலியைக் கூட்டிக்கொண்டே தூய ஒலியின் பங்கையும் உடனுக்குடன் மாற்றுகிறது; கிதாரின் இயல்பான குரல் அதனால் முற்றும் மூழ்கிவிடாமல் நிற்கிறது. படம் வெளியானபின் எண்ணற்ற நகல்கள் தோன்றின. பினகனின் மூலப் பெடல்களோ மதிப்பிழக்கவில்லை. முதலில் சில நூறு டாலருக்கு விற்றவை இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. பிசின் தடுக்க முயன்ற காரியம் நடந்தேவிட்டது. அதனால் வரும் என்று அஞ்சிய நஷ்டம் வரவில்லை. பெயர்தான் அவருடைய செல்வமாக இருந்தது, பிசின் அன்று. கலிபோர்னியாவில் இருந்த அலெக்சாண்டர் டம்பிள், 2022-இல் காலமாகும் வரை தம் ஆம்ப்ளிபயர்களின் முக்கியப் பகுதிகளை இவ்வாறே பிசினால் மூடிவந்தார். அந்தப் பெட்டிகள் இனி யாரிடம் போய்த் தம் நோயைச் சொல்லும்?

எண்ணைத் தேய்ப்பதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. மலிவான அல்லது பழைய ஐ.சி.யின் எண்ணைச் சுரண்டி, கறுப்புப் பூசி, உயர்ந்த சரக்கின் எண்ணை அச்சிட்டு விற்பது போலிச் சரக்கு வியாபாரிகளின் பிரதான வித்தை. ஆம்ப்ளிபயர்களில் வெளியீட்டு டிரான்சிஸ்டராக வரும் ‘2எஸ்.சி. 5200’-இன் போலிகளைத் திறந்து பார்த்தால், உள்ளே இருக்க வேண்டிய சில்லில் சிறு பங்கு அளவே இருக்கக் காணலாம். முழு ஒலியில் அது நிமிஷத்தில் எரிந்துபோகும். சுரண்டிய முதுகைக் கண்டால் ஐயப்பட வேண்டும் என்பது வாங்குவோருக்கு இருக்கும் சில காப்புகளில் ஒன்று. நேர்மையான கம்பெனிகளும் சுரண்டத் தொடங்கினால் அந்தக் காப்பும் போய்விடுகிறது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கெவானி எண்ணெய்க் கம்பெனிக்கும் பைக்ரானுக்கும் இடையிலான வழக்கில், கைக்கு வந்த பொருளைப் பிரித்து ஆராய்ந்து அதன் செய்முறையை அறிவது நேர்மையான வழியே, வியாபார ரகசியச் சட்டம் அதைத் தடுக்காது என்று தெளிவாக்கியது. 1984-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சில்லுப் பாதுகாப்புச் சட்டமும், 2000-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய ஐ.சி. அமைப்பு வடிவச் சட்டமும், ஆராய்ச்சிக்காகவும் போதனைக்காகவும் சில்லைப் பிரித்துப் பார்ப்பதை அனுமதிக்கின்றன. ஆகவே தேடுவது குற்றமன்று. தேடாமலே தெரியச் செய்யும் கடமையைத் தயாரிப்பாளன்மேல் சுமத்துவதுதான் அண்மைக் காலத்து இயக்கம். கலிபோர்னியாவில் 2023-இல் நிறைவேறி 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், 100 டாலருக்கும் மேற்பட்ட சாதனங்களுக்குக் கடைசியாகத் தயாரித்த நாளிலிருந்து ஏழு வருஷம் உதிரிப் பாகங்களும் கருவிகளும் விவரக் குறிப்புகளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. வீட்டு உபயோக ஒலிச் சாதனங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் வருஷத்து ஆணையோ துணி துவைக்கும் யந்திரம், குளிர்பதனப் பெட்டி, செல்பேசி என்று ஒரு பட்டியலைத் தருகிறது. ஆம்ப்ளிபயர் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. அவ்வருஷம் டிசம்பர் 24 அன்று பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையத்தளமும் தொடங்கப்பட்டது. கம்பெனிகள் தாமாக முன்வந்து தரும் விவரங்களையே அது தொகுத்துத் தருகிறது.

இந்தச் சட்டங்களில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அது ‘உதிரிப் பாகம்’ என்ற சொல். நியூயார்க் மாகாணத்தில் 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், தவறாகப் பொருத்தினால் காயம் நேரக்கூடும் என்ற இடங்களில் தனி உறுப்புக்குப் பதிலாகப் பல உறுப்புகள் சேர்ந்த தொகுதியைத் தந்தால் போதும் என்று இடம் கொடுத்தது. தொகுதி என்ற பெயரில் முழுப் பலகையையே நீட்டலாம் என்றால், எங்கள் மார்கழி மிக்ஸருக்குக் கிடைத்த பதில்தான் உலகம் முழுவதற்கும் கிடைக்கும். பாகம் என்பது பற்றவைக்கும் கோல் எட்டும் கடைசி உறுப்பு வரை என்றும், அதன் மேலிருந்த எண்ணை அழித்தவன் அந்த எண்ணைக் கேட்பவனுக்கு எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்றும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அது எழுதப்படும் வரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிபயரோ ரேடியோவோ இருந்தால், பழக்கப்பட்ட மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, மின்இணைப்பை நீக்கிச் சற்று நேரம் விட்டபின், அதைத் திறக்கச் செய்யுங்கள். ஐ.சி.களின் எண்கள், டிரான்சிஸ்டர்களின் எண்கள், கெப்பாசிட்டர்களின் அளவும் வோல்ட்டும், வெப்பத்தில் நிறம் மங்கி வரும் மின்தடைகளின் வண்ண வளையங்கள் ஆகிய எல்லாவற்றையும் படிக்க முடிகிறபோதே ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லி, தேதி இட்டு, மூடியின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.